நாற்பத்து மூன்றாம் எண்

ஒன்பது வருடமாக மெலானியா அந்த இரும்புச் சிலுவைக்கு மெழுகுவர்த்தி ஏற்றி வருகிறாள். போலந்தின் மேற்குக் கோடியிலிருந்து இந்தத் தெற்கு மலைக்கு அறுநூறு கிலோமீட்டர். அண்ணன் செமான் காரை ஓட்ட, அவள் மடியில் ரொட்டியும் தேனும் வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் வழி சொல்லிக்கொண்டே வருவாள்.

யசெனிவ்கா என்று ஓர் ஊர் இருந்ததற்கு இப்போது நாலு கிணறும் ஓர் இடிந்த கோயில் சுவரும்தான் சாட்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழில் போலந்துப் பட்டாளம் வந்தது. இரண்டே மணி நேரம் அவகாசம் கொடுத்து, இந்த மலையில் வாழ்ந்த எங்கள் லெம்கோ சனம் மொத்தத்தையும் மேற்குக் கோடிக்கு ரயிலேற்றியது. பாவிகள்! மெலானியா வீட்டுக் கைக்குழந்தை இவாஸ் அதற்கு முந்தின இரவுதான் காய்ச்சலில் கண்ணை மூடியிருந்தான். பெட்டி செய்ய ஏது நேரம், பாதிரியாரைக் கூப்பிட ஏது நேரம்? அம்மா அவனைத் துணியில் சுற்றி வீட்டுக்குப் பின்னால் புதைத்துவிட்டு வண்டியேறினாள். செமானுக்கு அப்போது மூன்று வயது. மெலானியா பிறக்கவேயில்லை.

"நாப்பத்து மூணாம் நம்பர் வீடு. பின்பக்கம்." இதை ஆயிரம் தடவை சொல்லித்தான் அம்மா அவளை வளர்த்தாள். பார்த்தேயிராத அந்த அண்ணனைக் கண்டுபிடித்தே தீருவேன் என்று மெலானியா ஒற்றைக் காலில் நின்றாள். கம்யூனிஸ்ட் ஆட்சி போய் நாடு மாறியதும் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டு, ஆஸ்திரியச் சக்கரவர்த்தி காலத்து நில வரைபடத்தின் நகலை வாங்கினாள். பூதக்கண்ணாடி வைத்து நாற்பத்து மூன்றைத் தேடிப் பிடித்தாள். காட்டுக்குள் அடி அளந்து, அந்த இடத்தில் செமான் செய்த சிலுவையை நட்டாள்.

இந்த ஆகஸ்டில் அவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது, கக்கத்தில் காகிதச் சுருளும் காலில் ரப்பர் பூட்ஸுமாக ஒருவர் புதரை விலக்கிக்கொண்டு வந்தார். பெயர் தியோடர், ஓய்வுபெற்ற வாத்தியார், இதே ஊர்க்காரர். யார் வீடு எங்கே இருந்தது என்று பார்த்துப் பார்த்துப் பலகை அடித்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா இந்தச் சிலுவை?"

"எங்க இவாஸுக்கு. இது எங்க வீடு. பெட்ரிஷாக் வீடு."

"பெட்ரிஷாக் வீடா? இது எங்க பெரியப்பாவோட ஆட்டுத் தொழுவம்லம்மா!"

மெலானியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வாத்தியாரே, வரைபடம் எங்ககிட்டயும் இருக்கு. கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பாருங்க. நாப்பத்து மூணு!"

"கட்டடத்துக்குப் போட்ட நம்பர்மா அது. வீடு, தொழுவம், களஞ்சியம்னு எல்லாத்துக்கும் வரைபடக்காரன் வரிசையாப் போட்டுட்டுப் போயிருக்கான். வீட்டு நம்பர் தனிப் பதிவேட்டுல இருக்கும். இதுல ஏமாறாத ஆளே கிடையாது. நானே மூணு வருஷம் எவன் கிணத்தையோ கட்டிப்பிடிச்சு, எங்க தாத்தா கிணறுன்னு அழுதிருக்கேன்."

அவர் பதிவேட்டைப் பிரித்தார். வீடு நாற்பத்து மூன்று, பெட்ரிஷாக், கட்டடம் நூற்றுப் பன்னிரண்டு. வரைபடத்தில் அவர் விரல் இறங்கி இறங்கி, ஓடை திரும்பும் இடத்தில் போய் நின்றது.

மெலானியா சிலுவையைத் திரும்பிப் பார்த்தாள். அத்தனை வருடம் அழுத அழுகையும் ஆட்டுத் தொழுவத்துக்கா?

"அம்மா அன்னைக்கே சொன்னா," என்றான் செமான்.

சொன்னாள்தான். தொண்ணூற்றொன்றில் முதல் தடவை வந்தபோது அம்மாவும் உடன் வந்திருந்தாள். இந்த இடத்தில் நின்று தலையை ஆட்டினாள். "இது இல்லடி" என்றாள். யாரையும் கேட்காமல் தானே தடுமாறித் தடுமாறி ஓடைப் பக்கம் இறங்கிப் போய், புல்லில் முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மெலானியாதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "உனக்கு ஞாபகம் தப்புதும்மா. வரைபடம் பொய் சொல்லுமா?" அம்மா முட்டியில் ஒட்டிய புல்லைத் தட்டிவிட்டாள். மகள் காட்டிய இடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். நாலு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்தாள்.

"நீயாவது சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"நீ யாரப் பேச விட்ட?"

செமான் சிலுவையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டான். வாத்தியார் முன்னால் போகத் தயங்கினார். "வேண்டாம்மா, அங்க ஒண்ணுமில்ல," என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மெலானியா அவரைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். முட்செடி கையைக் கிழித்தது. அதைக்கூட அவள் பார்க்கவில்லை.

ஓடைத் திருப்பத்தில் ஒரு பெரிய பள்ளம், நிறையப் பச்சைத் தண்ணீர். கரையெல்லாம் வெறும் சரளைக்கல். சிலுவையை ஊன்றக்கூட மண் இல்லை.

வாத்தியார் தொப்பியைக் கழற்றினார். "காட்டு ரோடு போடச் சரளை தோண்டுனாங்கம்மா. லாரி லாரியா அள்ளிட்டுப் போனாங்க."

"எப்போ?"

"நாலு வருஷம் ஆச்சு."

"அப்போ தொண்ணூத்தொண்ணுல?"

"அப்போ நல்ல புல்வெளி. ஒரு மண்வெட்டிகூடப் படல."

மெலானியா அப்படியே கல்லில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, அம்மா முட்டி போட்டது எந்த இடம்?"

செமான் தண்ணீரின் நடுவே கையைக் காட்டினான்.