நாற்றத்தைப் பராமரித்த இயக்குநர்

கடலோரச் சதுப்பு நிலத்துக்குத் தந்த பாதுகாப்பை நீட்டிக்கலாமா, நீக்கலாமா என்று பார்க்க நிபுணர் அம்மாள் ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. நகரப் பூங்காக்களைப் பளபளப்பாக்கிப் பெயர் வாங்கி, போன மாதம்தான் இங்கே மாற்றலாகி வந்திருந்த இயக்குநர் சேற்றருகே போனார். போன வேகத்தில் மூக்கில் கைக்குட்டையோடு திரும்பினார்.

"யோவ் வாட்சர், இந்த நாத்தத்தை வச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட அந்தம்மா முன்னால நிக்கிறது?"

"சேறுன்னா அப்படித்தான் ஐயா. அதுலதான் புழு இருக்கு."

"புழு வேறயா?"

அன்றைக்கே நாலு மூட்டை ப்ளீச்சிங் பவுடர் வந்து இறங்கியது. சேறு முழுக்கத் தூவ உத்தரவு.

சதுப்பைக் காவல் காக்கும் வாட்சரின் வீடு அதற்கு நேர் பின்னால். விஷயத்தைக் கேட்ட மனைவி காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"தாராளமாத் தூவுங்க. புழு சாகும், ஒரு பறவை தங்காது. பறவையில்லாத இடத்துக்கு எதுக்குப் பாதுகாப்புன்னு அந்தம்மா போயிடும். மண்ணைக் கொட்டி மேடாக்கிடுவாங்க. அப்புறம் கடல் பொங்குனா, இத்தனை வருஷம் சேறு குடிச்ச தண்ணியை யார் குடிக்கிறது? நம்ம அடுப்படியா?"

"தூவலைன்னா வேலை போயிடும்டி."

"தூவ வேணாம்னு யாரு சொன்னா? எங்க தூவப் போறீங்கன்னுதான் கேக்குறேன்."

மறுநாள் வாட்சர் நாலு மூட்டையையும் அலுவலகக் கழிப்பறைகளிலும் இயக்குநர் ஜன்னலடி முற்றத்திலும் தூவித் தீர்த்தார். கழிப்பறைகள் சுத்தத்தைக் கண்டு பதினொரு வருடம் ஆகியிருந்தது. அறைக்குள் வந்த நெடியை இயக்குநர் கண்ணை மூடி இழுத்தார். சேற்றுப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

நிபுணர் அம்மாள் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் சேற்றில் இறங்கி, ஒரு கை அள்ளி மோந்து பார்த்தார். விரலிடுக்கில் புழு நெளிந்தது. இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன ஒரு வாசனை. சேறு உயிரோட இருக்கு. நாத்தம்னு சொல்லிப் பவுடரைக் கொட்டியே எத்தனை இடத்தைக் கொன்னுட்டாங்க தெரியுமா? நீங்க எப்படி விட்டு வச்சீங்க?"

இயக்குநர் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தார்.

"என் நேரடிப் பார்வையில இருக்கு மேடம். வாசனையை ஒரு நாள்கூடக் குறைய விடறதில்லை."

பாதுகாப்பு நீண்டது. பாராட்டுப் பத்திரம் இயக்குநர் அறைச் சுவரில் ஏறியது. வாட்சருக்கும் ஒரு காகிதம் வந்தது: உரிய அனுமதியின்றி அலுவலகக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்தது ஏன் என்று மூன்று நாளில் விளக்கம் தரவேண்டும்.

"என்ன எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி.

"தெரியாமச் செஞ்சுட்டேன், இனிமே நடக்காதுன்னு."