அறுபது மைல் நடுக்கம்

வேகமுள் ஐம்பத்தெட்டைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்க ஆரம்பித்தது. லெஸ்லி டன்க்லி ஆக்ஸிலேட்டரில் வைத்த காலை அழுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. ஃபாஸ் வே சாலை அந்த இடத்தில் மூன்று மைலுக்கு வளைவே இல்லாமல் கிடந்தது. இரண்டு பக்கமும் வேலிப்புதர்கள், அவற்றுக்கு அப்பால் அறுவடை முடிந்த கோதுமை வயல்கள். எதிரே ஒரு வண்டியும் இல்லை. அறுபது. அறுபத்திரண்டு. நடுக்கம் மணிக்கட்டில் ஏறி முழங்கைவரை வந்தது. அறுபத்தாறில் யாரோ பிடித்து நிறுத்தியதுபோல அடங்கிவிட்டது. வேகத்தைக் குறைத்துத் திரும்பவும் ஐம்பத்தெட்டிலிருந்து தொடங்கினார். அன்று காலையில் இது பதினோராவது தடவை. பதினோரு தடவையும் அவர் கேட்டுக்கொண்டது ஒரே கேள்விதான். நடுங்குவது வண்டியா, தன் கையா?

1953 செப்டம்பர் அது. லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு இருபத்துமூன்று நாள் இருந்தது. கம்பெனி விற்றுவந்த நாலு கதவுக் குடும்பக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, கூரையை வெட்டியெறிந்து, பின் இருக்கையைக் கழற்றி, இரண்டே பேர் உட்காரும் திறந்த வண்டியாக மாற்றியிருந்தார்கள். அமெரிக்காக்காரர்களுக்கு இந்த மாதிரி வண்டி என்றால் உயிராம். மாதிரி வண்டி இந்த ஒன்றுதான் உருவாகியிருந்தது. பச்சை அடிப்பூச்சோடு, எண்பலகைகூடக் கம்பியால் கட்டியபடி ஓடிக்கொண்டிருந்தது. கூரை என்பது மழைக்கு மட்டும் இல்லை என்பது லெஸ்லிக்குத் தெரியும். செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் பிடித்தால் பெட்டி முறுக்கிக்கொள்கிற மாதிரிதான் வண்டியும். ஆகவே நடுங்கலாம், நடுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் கை நடுங்குவதற்கும் காரணம் இருந்தது.

அவருடைய அப்பா கவென்ட்ரியில் டிராம் ஓட்டியவர். ஐம்பது வயதுக்குள்ளேயே அவருக்கு இடது கை ஆட ஆரம்பித்தது. பிறகு தாடை, பிறகு கால். கடைசி நான்கு வருடம் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து, இல்லாத ரொட்டித்துணுக்கை உருட்டிக்கொண்டே இருந்தார். லெஸ்லிக்கு இப்போது நாற்பத்தெட்டு. ஈஸ்டர் ஞாயிறன்று செய்தித்தாள் மடியில் சலசலத்தது. காற்று என்று நினைத்து ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் சாத்தியிருந்தது.

மதியம் கேன்டீனில் நார்மன் பிக்கரிங் டீக்கோப்பையோடு வந்து எதிரே உட்கார்ந்தான். சோதனைப் பிரிவில் இன்னொரு ஓட்டுநர் அவன்தான். முப்பது வயது, விமானப்படையில் இருந்தவன்.

“என்ன பெருசு, ஆடுது ஆடுதுன்னு ரிப்போர்ட்ல எழுதி வச்சிருக்கியாமே? நேத்து எத்தனை பைன்ட் பீர் உள்ள போச்சு?”

“நீ ஓட்டினப்ப ஒண்ணும் தெரியலையா?”

“அதே ரோடு, அதே வண்டி. தொட்டில்ல தூங்குற பிள்ளை மாதிரி போச்சு. ஆடுறது வண்டியில்ல பெருசு, நீதான்.”

பக்கத்து மேஜையில் சிரித்தார்கள். லெஸ்லியும் சிரித்தார். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். நார்மன் வேடிக்கைக்குத்தான் சொன்னான், அவனுக்கு எதுவும் தெரியாது. இருந்தாலும் பாதி சாண்ட்விச்சைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வெள்ளிக்கிழமை தலைமைப் பொறியாளர் ஆஸ்க்வித் கூப்பிட்டனுப்பினார். வண்டியின் முன்சக்கர வளைவுக்காக மட்டும் நாற்பது படம் வரைந்தவர் அவர். மூன்று வாரமாக வீட்டுக்கு ஒழுங்காகப் போகாததில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“டன்க்லி, உட்காரு. ஒருத்தன் ஆடுதுங்கறான், ஒருத்தன் இல்லைங்கறான். இன்னிக்குச் சாயங்காலம் நான் படத்துல கையெழுத்துப் போடணும். ஆடுதுன்னா முன்கண்ணாடிக்குக் கீழ இரும்புச் சட்டம் வச்சுப் பத்தவைக்கணும். அப்புறம் கண்காட்சிக்கு வண்டி போகுமா போகாதான்னு எனக்கே தெரியாது. உனக்கு நிச்சயமா?”

நிச்சயம் என்று சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்று லெஸ்லி யோசித்தார். யாராவது பக்கத்தில் ஏறி உட்காருவார்கள். கையைப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடம் ஓட்டிய கை.

“நிச்சயம்னு சொல்ல முடியாது சார். நார்மன் சொல்றது சரியா இருக்கலாம்.”

ஆஸ்க்வித் படத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். பிறகு, “சரி, திங்கக்கிழமை காலைல கையெழுத்துப் போட்டுக்கறேன். நாளைக்கு நீ வழக்கமான மைல் கணக்கை ஓட்டிட்டு வா. ஏதாவது மாறினா சொல்லு” என்றார்.

தான் சொன்ன அந்த ‘நிச்சயம் இல்லை’ கூடவே வந்தது. சைக்கிளில் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒருவன் எங்கோ ஒரு மலைப்பாதையில் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த வண்டியை ஓட்டிப் போவது தெரிந்தது. நடுக்கம் நடுக்கமாகவே நின்றுவிடாது. பற்றவைத்த இடங்களை அது தின்னும். ஒரு நாள் ஏதாவது ஒன்று விரியும்.

அவர் மனைவி மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தாள். வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடும் வழக்கப்படி கடையிலிருந்து பொரித்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி வைத்திருந்தாள். அவர் சாப்பிடாமல் மீன் சுற்றியிருந்த காகிதத்தைப் பிய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தாள், கேட்கவில்லை.

“நாளைக்கு என்கூட வண்டியில வர்றியா?” என்றார்.

“கம்பெனி வண்டியிலயா? வெளியாளை ஏத்தக் கூடாதுன்னுவியே?”

“பக்கத்து சீட்ல மணல் மூட்டை வச்சு ஓட்டணும்னு கம்பெனி விதி. அதுக்குப் பதிலா நீ.”

“இருபத்து நாலு வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல மரியாதை! மூட்டை என்ன எடைன்னு மட்டும் சொல்லிடாதே.”

சனிக்கிழமை காலையில் மணல் மூட்டையை ஏற்றாமல் தொழிற்சாலைச் சுவரோரமே விட்டுவிட்டு, தெருமுனையில் காத்திருந்த மேவிஸை ஏற்றிக்கொண்டார். அவள் தலையில் துணி கட்டி, சர்ச்சுக்குப் போடும் நல்ல கோட் போட்டிருந்தாள். ஊரைத் தாண்டியதும் காற்று துணியைப் பிடித்து இழுக்க, அவள் சிறுபெண்போலச் சிரித்தாள். லெஸ்லியால் சிரிக்க முடியவில்லை. நேர்ச்சாலை வந்ததும் வேகத்தை ஏற்றினார்.

“மேவிஸ், ஸ்டியரிங் மேல கையை வை. சும்மா வச்சுப் பாரு, பிடிக்காதே.”

“எதுக்கு?”

“வையேன்!”

அவர் கத்திய கத்தலில் அவள் சிரிப்பு நின்றது. கையுறையைக் கழற்றிவிட்டு, வலது கையை நீட்டி ஸ்டியரிங்கின் மேல் வைத்தாள். ஐம்பத்தெட்டு. அறுபது.

“அய்யோ, என்னது இது! குளிர்ல விறைச்ச நாய் மாதிரி நடுங்குது!”

“நடுங்குதா? நிஜமா?”

“பல்லே ஆடுது லெஸ், மெதுவாப் போ!”

அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றால்தான் என்று அவள் நினைத்திருக்கலாம். ஒரு வயல் வாசலருகே வண்டியை ஓரங்கட்டி என்ஜினை நிறுத்தினார். “வண்டிதான், வண்டிதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மேவிஸ் அவர் மடியில் கிடந்த இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு மாடு புல்லைப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

“இது இன்னும் நடுங்குது, லெஸ்” என்றாள்.

அவர் கையை இழுக்கப் பார்த்தார். அவள் விடவில்லை.

“ஈஸ்டர்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீயா சொல்லுவேன்னு இருந்தேன்.”

“அப்போ ரெண்டுமா?”

“ரெண்டும்தான். ஆனா ஒண்ணு கேளு. உங்கப்பாவுக்குக் கை சும்மா கிடந்தாத்தான் ஆடும். எதையாவது பிடிச்சா நின்னுடும். கடைசி வருஷம்கூட நான் குடுத்த கப்பை ஒரு சொட்டு சிந்தாம வாங்கினாரு. நீ ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சிருந்தே. உன் கை ஆடலை. நான்தான் பாத்தேனே.”

அவளை வீட்டில் இறக்கிவிட்டு, தனியாக நேர்ச்சாலைக்குத் திரும்பி மறுபடி அறுபதைத் தொட்டார். ஸ்டியரிங் அசையவே இல்லை. மேவிஸ் அவர் மனசைத் தேற்றப் பொய் சொல்லிவிட்டாளா? ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தாறு. ஒன்றும் இல்லை. நாலாவது தடவை ஓட்டும்போதுதான் காலியாக இருந்த பக்கத்து இருக்கை கண்ணில் பட்டது. நேரே தொழிற்சாலைக்குப் போய் மூட்டையைத் தூக்கி வைத்து, கட்டி, திரும்ப வந்தார். நடுங்கியது. நார்மன் ஒரு நாளும் அந்த மூட்டையைத் தூக்கி ஏற்றியிருக்க மாட்டான். முதுகு வலிக்கும் வேலை அவனுக்கு ஆகாது. ஆள் ஒருவன் மட்டும் இருந்தால் வண்டி சாது. இரண்டாவது ஆள் ஏறினால் நடுங்குகிறது. ஆனால் விற்கப் போவது இரண்டு பேருக்கான வண்டி.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்க்வித்தின் அறைக்கு வெளியே நின்றார். கையைப் பைக்குள் விடவில்லை. உள்ளே போனதும், “சார், வெள்ளிக்கிழமை நான் தப்பாச் சொல்லிட்டேன். வண்டி ஆடுது. நீங்களே பக்கத்துல உட்கார்ந்து பாருங்க” என்றார்.

ஆஸ்க்வித் பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்தார். லெஸ்லி வண்டியை அறுபதுக்குக் கொண்டுபோனதும், பக்கத்தில் இருந்த ஆஸ்க்வித் முன்கண்ணாடிக்குக் கீழே தகட்டில் உள்ளங்கையை வைத்தார். காதை வைத்துக் கேட்பவர்போலக் குனிந்துகொண்டார். வண்டி நின்றதும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். அப்போதுதான் அவர் பார்வை லெஸ்லியின் மடிக்குப் போயிற்று. லெஸ்லி மறைக்கவில்லை. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் தங்கள் பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தன.

“எத்தனை நாளா?”

“ஈஸ்டர்லேர்ந்து சார்.”

“அதனாலதான் வெள்ளிக்கிழமை அப்படிச் சொன்னியா?”

“ஆமாம் சார்.”

ஆஸ்க்வித் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். “நான் இன்னிக்குக் காலைல பேனாவைத் திறந்துட்டேன், தெரியுமா?” என்றார். கோபமா இல்லையா என்று குரலிலிருந்து தெரியவில்லை. “டாக்டரைப் போய்ப் பாரு. இனிமே நீ ஓட்ட வேண்டாம்.” தான் உட்கார்ந்திருந்த இருக்கையைத் தட்டி, “ஆனா சட்டம் வச்ச பிறகு ஆட்டம் போச்சா இல்லையான்னு எனக்குச் சொல்ல ஆள் வேணும். நீ இந்தப் பக்கம் உட்காரு” என்றார். ‘எதுவரை?’ என்று லெஸ்லி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரும்புச் சட்டத்தை அடித்து, வளைத்து, பற்றவைக்க ஆறு நாள் ஆயிற்று. டாக்டர் விளக்கை அடித்துக் கண்ணைப் பார்த்தார், நடக்கச் சொன்னார், மறுபடியும் வரச் சொல்லித் தேதி கொடுத்தார். கண்காட்சிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தபோது நார்மன் ஸ்டியரிங்கில் உட்கார, லெஸ்லி இடது பக்கம் ஏறினார். நார்மன் அன்றைக்கு ஒரு கிண்டலும் செய்யவில்லை. அது லெஸ்லிக்குக் கிண்டலைவிடக் கஷ்டமாக இருந்தது.

“அறுபதுல பிடிச்சு வை” என்றார்.

“பிடிச்சிட்டேன்.”

லெஸ்லி காலைத் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டார். தகடு, கதவு, இருக்கையின் கம்பி என்று ஒவ்வொன்றாக உடம்பால் தேடினார். சட்டத்தின் அடியில் எங்கோ ஒரு மெல்லிய முனகல் இருந்தது. அது காற்றாக இருக்கலாம்.

“என்ன பெருசு? இருக்கா, போச்சா?”

“பேசாம ஓட்டு. இன்னொரு மைல்.”

கண்ணைத் திறந்தபோது இடது பக்க வயலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து உருளைக்கிழங்கு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஒருத்தி நிமிர்ந்தாள், பிறகு எல்லோரும் நிமிர்ந்தார்கள். கூரையில்லாத அந்த வண்டியைப் பார்த்து மண் படிந்த கைகளைத் தூக்கி ஆட்டினார்கள். லெஸ்லி இடது கையை உயர்த்தினார். வயல் முடிந்து, வேலிப்புதர் தொடங்கி, அவர்கள் கண்ணுக்கு மறைந்த பிறகும் அது காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.