வெள்ளித்தாள் சுற்றிய குப்பி

குளிர்காலம். நான்கு மணிக்கே தூர்க்கு நகரத்தில் வெளிச்சம் போயிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த தம்பி இஸ்மோவின் உதடுகளை கிர்சி ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். அம்மா கோட்டை மாட்டினாள்.

"நர்ஸைக் கூட்டிட்டு கீழ காபி குடிக்கப் போறேன். உங்கப்பா செத்த கதையை நான் ஆரம்பிச்சா அவ எழுந்திருக்க மாட்டா. நான் வர்றதுக்குள்ள அந்த ஊசியைப் போட்டுடு."

"அது மருந்து இல்லம்மா. கட்டி எங்க இருக்குன்னு காட்டும். அவ்வளவுதான்."

"எலிக்குப் போடுவ. இஸ்மோவுக்குப் போட மாட்ட."

போய்விட்டாள்.

கிர்சி ஆய்வகத்தில் செய்யும் நுண்துகள்கள் ரத்தத்தில் கலந்து, புற்றுநோய்க் கட்டியில் தங்கி, காமிரா முன் ஒளிரும். அறுப்பவருக்கு எதுவரை அறுக்கலாம் என்று தெரியும். இஸ்மோவை இனி யாரும் அறுக்கப்போவதில்லை. அந்தத் துகள்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்தியை அம்மா மருந்து என்றே படித்தாள். காலையில் போனில் அழுதாள். கிர்சி ஒரு குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"காட்டுக்கா," என்றான் இஸ்மோ. தூங்குகிறான் என்று நினைத்திருந்தாள்.

வெளிச்சம் படாமல் சுற்றியிருந்த வெள்ளித்தாளைப் பிரித்தாள்.

"பச்சையா, பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி மாதிரி இருக்கு."

"நுரை வராது."

"போட்டா?"

"கல்லீரல் முதல்ல பிடிச்சுக்கும். கட்டி இருந்தாலும் இல்லாட்டியும் அது ஒளிரும்."

"எனக்கு அங்கதானே எல்லாம். அப்ப உனக்கே ஒண்ணும் தெரியாது."

"தெரியாது."

சிரிக்கப் பார்த்தான். இருமல் வந்தது.

"அம்மாகிட்ட போட்டேன்னு சொல்லிடு."

"சொன்னா, அதுல நீ போயிட்டேன்னு ஆகும்."

"இல்லேன்னா, போடாததால போயிட்டேன்னு ஆகும்." மூச்சு வாங்கினான். "நீயே பாத்துக்கோ. நான் இருக்க மாட்டேன்."

அதன்பின் அவன் பேசவில்லை. மூச்சுகளுக்கு இடையே தூரம் கூடியது. கிர்சி குப்பியில் இருந்த பச்சை நிறத் திரவத்தை ஊசியில் ஏற்றினாள். அவன் கைக்குப் போகும் குழாயைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். அடுத்த மூச்சு வரட்டும் என்று காத்திருந்தாள்.

வரவில்லை.

ஊசியில் இருந்ததை வாஷ்பேசினில் பீய்ச்சிவிட்டு மணியை அழுத்தினாள்.

வேறொரு நர்ஸ் வந்தாள். கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். குழாயை உருவி, அந்த இடத்தில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டினாள். யாராவது இறந்தால் செய்யும் வழக்கப்படி ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தாள்.

அம்மா வாசலிலேயே திறந்திருந்த ஜன்னலைப் பார்த்துவிட்டாள். கோட்டைக் கழற்றாமல் கட்டிலருகே வந்தாள். மகனின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத் திருப்பி, பிளாஸ்திரியை விரலால் மெல்லத் தடவினாள்.

"கடைசில போட்டுட்ட, இல்லடி?"