பூக்க விடாத செடி

ஏழாம் நம்பர் மலைக்கு மறுபடி போகக் கூடாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் சுகிர்தத்துக்கு இருந்த ஒரே ஆசை அதுதான். அதை ஆசை என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல்.

முந்தின வருஷம், மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் ஆளாய்ப் பறந்த பஞ்சகாலத்தில், அந்த மலையில் அவள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோதுதான் வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுவைக்கும் பிள்ளைக்காம்பராவிலிருந்து ஆள் ஓடி வந்தது. மூன்று வயது மகள் தெரேசாவுக்கு வயிற்றால் போய், தாய் இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அதன்பிறகு ஏழாம் மலையில் ஏறினால் சுகிர்தத்தின் கைகள் நின்றுவிடும். அழ மாட்டாள். கூடையோடு தேயிலை நிரைக்குள் நின்றபடி நிற்பாள். கீழே பள்ளத்தில் தெரேசாவைப் புதைத்த புதைகாடு தெரியும். கங்காணி மாயாண்டி இரண்டு மாதம் பார்த்தார். பிறகு அவளைத் துரையின் பங்களாப் பூந்தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்.

பங்களாவில் குசினிக்குப் பின்னால் ஒரு பாத்தி இருந்தது. துரையின் மனைவி, துரைசாணி, சீமையிலிருந்து விதை வருவித்துப் போட்டது. பேர்னட் என்று பெயர். தரையோடு வட்டமாகப் படர்ந்திருக்கும். ஈர்க்குப் போன்ற காம்பின் இரண்டு பக்கமும் விளிம்பு வெட்டிய சின்ன இலைகள் சோடி சோடியாக நிற்கும். கசக்கினால் வெள்ளரிக்காய் மணம். தை மாதத்துப் பனி, தேயிலையையே கருக்கிப்போட்ட பனி, அதை ஒன்றும் செய்யவில்லை.

"எலுமிச்சந் தண்ணியில இந்தப் புல்லப் போட்டுக் குடிக்கிறாங்க. பாணுக்குள்ளயும் வச்சுத் திங்கிறாங்க" என்பார் சமையல்கார இக்னேசியஸ். "நம்ம லயத்து ஆடு கேட்டா சிரிக்கும்."

சுகிர்தம் சிரிக்க மாட்டாள். அவர் கேட்ட இளந்தளிரைக் கிள்ளிக் கொடுப்பாள். விரல்களில் அந்த மணம் பொழுது சாயும்வரை இருக்கும். அதை அவள் கழுவியதுமில்லை, முகர்ந்ததுமில்லை.

ஆடி மாதம் இக்னேசியஸ் ஒரு செய்தியோடு வந்தார். "தோட்டத்த அரசாங்கம் எடுக்கப் போகுதாம். துரைமாருங்க ஐப்பசியோட கப்பலேறுறாங்க. துரைசாணி சொல்லச் சொன்னாங்க, அந்தச் செடிய நல்லாப் பாத்துக்கிறணுமாம். போகும்போது புது துரைக்கு உன்னப் பத்திச் சீட்டு எழுதிக் கொடுப்பாங்களாம்."

"சீட்டு இருந்தா மலைக்கு அனுப்ப மாட்டாங்களாண்ணே?"

"துரைசாணி கையெழுத்தம்மா. அதுக்கு மேல யாரு பேசுவா?"

சுகிர்தம் பார்த்துக்கொண்டாள். பத்து வயதிலிருந்து தேயிலையில் பழகிய கை அது. செடி பூத்தால் கெட்டது, கொழுந்து கொடுக்காது என்பது அந்தக் கைக்குத் தெரியும். பேர்னட் தண்டை நீட்டி, நுனியில் சிவந்த பொத்தான் மாதிரி மொட்டு வைக்கத் தொடங்கியது. தினமும் விடிந்ததும் போய் ஒன்று விடாமல் கிள்ளி எறிந்தாள். இலை அடர்ந்து பாத்தி பச்சைக் கம்பளமாயிற்று. பார்த்தவர்கள் மெச்சினார்கள்.

ஐப்பசியில் துரைசாணி பழுப்புநிறக் கடித உறைகளோடு வந்தாள். பாத்தியைச் சுற்றிச் சுற்றி வந்து, குனிந்து, இலைகளை விலக்கிப் பார்த்தாள். இக்னேசியஸிடம் ஏதோ கேட்டாள்.

"விதை எங்கேன்னு கேக்கிறாங்க" என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ஊருக்குக் கொண்டுபோகணுமாம். இந்தச் சாதி விதை இப்ப அங்க கிடைக்கலியாம்."

"பூத்தாத்தானே விதை வரும்" என்றாள் சுகிர்தம். "பூக்க விட்டாச் செடி கெட்டுருமேன்னு கிள்ளிட்டேன்."

இக்னேசியஸ் அதை எப்படிச் சொன்னாரோ, துரைசாணி சற்று நேரம் சுகிர்தத்தின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. உறைகளை மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் சுகிர்தம் பாதிச் செடியை வேரோடு பெயர்த்து ஈரச்சாக்கில் சுற்றிக் குசினி வாசலுக்குக் கொண்டுபோனாள்.

"மண்ணோட கப்பல்ல ஏத்த விடமாட்டாங்களாம்" என்று உள்ளே போய்க் கேட்டுவந்து சொன்னார் இக்னேசியஸ்.

"சீட்டு?"

அவர் சாக்கைப் பார்த்தார். "பெட்டி கட்டுற அவசரம். ஞாபகப்படுத்திப் பாக்கிறேன்."

துரைமாரின் கார் இறங்கிப் போனது. சீட்டு வரவில்லை. புது துரை தன் தோட்டக்காரனைக் கூடவே கூட்டி வந்தார். அவன் குசினிப் பாத்தியைக் கொத்தி உருளைக்கிழங்கு போட்டான்.

திங்கட்கிழமை காலை ஆள் பிரிக்கும் பெரட்டில் மாயாண்டி பெயர் படித்தார். "சுகிர்தம், ஏழாம் நம்பர்." பிறகு தணிந்த குரலில், "என் கையில இல்ல புள்ள" என்றார்.

"சரிங்க" என்றாள்.

அன்று மாலை லயத்து வீட்டுக் கதவோரம் ஈரம் காயாமல் வைத்திருந்த செடிச் சாக்கை எடுத்துக்கொண்டு புதைகாட்டுக்குப் போனாள். தெரேசாவின் மேடு தாழ்ந்து புல் ஏறியிருந்தது. புல்லைப் பிடுங்கி வேரை ஊன்றினாள். வேறு எங்கே வைப்பது என்று அவளுக்குத் தோன்றவில்லை.

ஏழாம் மலையில் முதல் நாள் கைகள் நின்றன. இரண்டாம் நாளும் நின்றன. அரைப்பேர், அரைநாள் கூலிதான் விழுந்தது. மூன்றாம் வாரம் எப்போதென்று தெரியாமல் கைகள் நகரத் தொடங்கியிருந்தன. நெஞ்சில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு போய்ப் பார்த்தபோது மேடு முழுக்கப் பேர்னட் தண்டு நீட்டி மொட்டோடு நின்றது. குனிந்தாள். ஒன்றைக் கிள்ளினாள், இரண்டாவதையும் கிள்ளினாள். மூன்றாவது மொட்டில் விரல் வைத்தபடி நின்றாள். பிறகு கையை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஏழாம் மலையிலிருந்து பார்த்தால் அவ்வளவு தூரத்தில் பூவின் சிவப்பு தெரியாது. அவள் நிரை முடிவில் திரும்பும்போதெல்லாம் பார்த்தாள்.