கிருபையம்மாளின் எலி

என் மாமியார் கிருபையம்மாள் போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கையிலிருந்த காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, டம்ளரை என்னிடம் நீட்டி, “சீனி கம்மி” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். தொண்ணூற்றொரு வயது. எதையும் அரைகுறையாக விட்டுப் போகிற ஆள் இல்லை, காப்பியையும் விடவில்லை, குறையையும் விடவில்லை.

நினைவு ஆராதனைக்கு நாள் குறித்தாயிற்று. அன்றைக்கு அவருடைய வாழ்க்கைக் குறிப்பைச் சபை முன்னால் வாசிக்க வேண்டியது ஒரே மருமகளான நான். அறிவுச்செல்வி என்று பெயர். பெயரை வைத்து எதையும் முடிவு செய்துவிட வேண்டாம்.

வெள்ளிக்கிழமை போதகர் இரண்டு பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். சின்ன வயசுக்காரர், நன்றாகத்தான் எழுதியிருந்தார். பிறந்தது, வடமதுரைப் பக்கத்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டது, முப்பது வயதுக்குள் புருஷனை இழந்து ஒற்றை ஆளாகத் தக்காளியும் சோளமும் போட்டு மகனை ஆளாக்கியது, கூரைச் சபையைக் கட்டடச் சபையாக்கியது எல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டாம் பக்கம் நடுவில் ஒரு வரி வந்ததும் நிறுத்திவிட்டேன். “எழுபத்து நான்கு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை உபவாசத்தை ஒரு வாரம்கூட முறிக்காதவர்.”

“அய்யா, இந்த வரிய மட்டும் எடுத்துருங்க” என்றேன்.

“ஏம்மா? அதுதான முக்கியமான வரி.”

“எடுத்துருங்க. என் வாயால வாசிக்க மாட்டேன்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் எபநேசர் முறைத்தார். “ஒனக்கென்ன கிறுக்கா? எங்கம்மா உபவாசம் ஊருக்கே தெரியும்.”

“ஊருக்குத் தெரியாததும் கொஞ்சம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். போதகர் வரியை அடிக்கவும் இல்லை, காகிதத்தைத் திருப்பி வாங்கவும் இல்லை. “ஞாயித்துக்கெழமக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

யோசிக்க என்ன இருக்கிறது? அத்தை உபவாசத்தில் திருட்டுத்தனமாகத் தின்பார். எனக்கு அது முப்பத்திரண்டு வருஷமாகத் தெரியும். சபையில் நின்று அந்த வரியை வாசித்தால் நான் பொய்க்காரி. வாசிக்க மறுத்தால், ஏன் என்று கேட்பார்கள். செத்துப்போன மனுஷியைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். இரண்டுக்கும் எனக்கு மனசு இல்லை. ஒரு வரியை வைத்துக்கொண்டு அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போயிற்று.

அத்தையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பாப்டிஸ்ட் சபையில் தலையில் தண்ணீர் தெளிக்கிற வேலை கிடையாது. விசுவாசம் வந்த பிறகு ஆளை முழுசாகத் தண்ணீரில் முக்கி எடுப்பதுதான் ஞானஸ்நானம். அத்தைக்குப் பதினேழு வயதில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் நடந்தது. போதகர் முக்கி எடுத்ததும் கரையில் நின்றவர்கள் பாட்டு எடுத்தார்கள். அத்தை கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தி, “அய்யா, முழங்கை நனையல. இன்னொரு தடவ முக்குங்க” என்றாராம். போதகர் இன்னொரு தடவை முக்கினார்.

திண்டுக்கல் போகிற பஸ்ஸில் ஏறினால் அத்தை ஜெபம் முடிக்காமல் வண்டி நகராது. டிரைவர் பெருமாள்சாமி நெற்றி நிறைய விபூதியோடு கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பார். “ஆத்தா ஆமென் சொல்லாம எடுத்தா தாமரைப்பாடி தாண்டுறதுக்குள்ள பஞ்சராயிருது” என்பார்.

வீட்டிலும் எல்லாம் ஜெபம்தான். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நேரில் திட்டியது கிடையாது. ஆண்டவர் வழியாகத்தான் திட்டு வரும். காலையில் ஐந்து மணிக்கு முழங்கால் போட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி, “ஆண்டவரே, நேத்து ரசத்துல புளி தூக்கலா இருந்துச்சு. அதுக்காகவும் ஸ்தோத்திரம்” என்பார். நான் படுத்துக்கொண்டே பல்லைக் கடிப்பேன். எதிர்வீட்டு முத்துப்பேச்சி கோலம் போட வந்து, “என்னக்கா, புளி தூக்கலாமே?” என்பாள்.

நான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்து வீட்டுப் பெண். விடியுமுன்னே பூப்பறிக்கப் போகிற வீட்டில் முதலில் வயிற்றுக்குப் போட்டுவிட்டுத்தான் கூடையை எடுப்போம். பசி என்பது எனக்கு ஆகாது. கல்யாணமாகி வந்த முதல் வெள்ளிக்கிழமை அத்தை, “இன்னைக்கி எனக்கு உபவாசம். சாயங்கால ஜெபம் வரைக்கும் தண்ணிதான். நீ சாப்புட்டுக்க தாயி, ஒனக்குப் பழக்கமிருக்காது” என்றார். அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது. “எனக்கென்ன? நானும் இருப்பேன்” என்றேன். வாய்க்கொழுப்பு என்றால் அதுதான். சொன்ன சொல்லை எப்படித் திரும்ப வாங்குவது?

பத்து மணி வரை தாங்கினேன். பதினொரு மணிக்குக் கண் இருட்டியது. அடுக்களை மூலையில் பிடி அரிசிப் பானை இருந்தது. ஒவ்வொரு வேளை சோறு ஆக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று அதில் போட்டு வைப்போம், மாதக் கடைசியில் சபைக்குப் போகும். சுற்றுமுற்றும் பார்த்தேன். கையை விட்டு ஒரு பிடி அள்ளி, பச்சை அரிசியாகவே மென்று தின்றேன். ஆண்டவருடைய அரிசி! அடுத்த வெள்ளியும் தின்றேன். அதற்கடுத்த வெள்ளியும். மூன்றாம் மாதத்தில் பசி இரண்டு மடங்காகிவிட்டது. ஏனென்று எனக்கே அப்போது தெரியாது.

ஒரு நாள் காலை ஜெபத்தில் அத்தை ஆரம்பித்தார். “ஆண்டவரே, ஒம்ம பானையில ஒரு எலி வாய வைக்கிது. ஒமக்கே தெரியும். பாவம், அதுக்குப் பசி. அத அடிக்க எனக்கு மனசு வரல. அதுக்கு ஒரு வழி காட்டும்.”

அப்பாடா, பழி எலி மேல் போயிற்று! என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் ஆமென் சொன்னதில்லை. காப்பி கொடுக்கும்போது, “அத்தே, எலிப்பொறி ஒண்ணு வாங்கி வைப்பமா?” என்றுகூடக் கேட்டேன். அத்தை என்னைச் செத்த நேரம் பார்த்தார். “வேணாம். பாவம், விடு” என்றார்.

விட்டாரா? புதன்கிழமைப் பெண்கள் ஜெபக் கூட்டத்துக்கும் எலியைக் கொண்டுபோய்விட்டார். எனக்குப் புதன்கிழமை மாட்டுவேலை, நான் போவதில்லை. கூட்டம் முடிந்து வருகிறவர்கள் என்னைப் பார்த்து, “ஒங்க வீட்டு எலிக்கு இன்னைக்கும் ஜெபம் பண்ணுனோம்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ஆறேழு மாதம் ஒரு சபையே எலிக்கு முழங்கால் போட்டது. சரியான பைத்தியங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஒரு வெள்ளிக்கிழமை பானைக்குள் கையை விட்டபோது விரலில் ஏதோ தட்டியது. எவர்சில்வர் டப்பா, உள்ளங்கை அளவு, இறுக்கமான மூடி. திறந்தால் பொரிகடலையும் வெல்லமும்! மூடி போட்ட டப்பாவை எலியா திறக்கும்? எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைதான் உபவாசத்தன்று ஒளித்து வைத்துத் தின்கிறார். அரிசியையும் அவரே கொறித்துவிட்டு எலி மேல் போடுகிறார். நான் தின்ற அரிசி அந்தக் கணம் எனக்கு மறந்தே போயிற்று.

சிரிப்பு வந்தது, பசியும் வந்தது. டப்பாவைக் காலி செய்து பழையபடி வைத்தேன். எடுத்தது யார் என்று அவரால் கேட்க முடியாதே, கேட்டால் அவர் குட்டு உடையுமே! அடுத்த வெள்ளி டப்பா நிறைந்திருந்தது. ஐப்பசியில் மகன் ரோஹித் பிறந்தான், பிறகு மகள் ஜீவிதா, டப்பா நிறைவது மட்டும் நிற்கவில்லை. காலையில் ரசத்தைப் பற்றி ஆண்டவரிடம் புகார் போகும்போதெல்லாம், ‘சொல்லுங்க சொல்லுங்க, ஒங்க டப்பா எங்கிட்ட இருக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அத்தையின் குற்றத்தை நான் மூடி வைக்கிறேன் என்று எனக்கு ஒரு பெரிய பெருமை. நாலு மாதம் முன்பு அவர் படுக்கையில் விழுந்ததும் டப்பா காலியாகவே கிடந்தது. பார், தின்கிற ஆள் படுத்ததும் டப்பாவும் படுத்துவிட்டது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை, ஆராதனைக்கு வருகிறவர்களுக்கு இட்லியும் சட்னியும் என்று முடிவாகி, பொரிகடலை வாங்க வடமதுரைக் கடைவீதிக்குப் போனேன். காதர் பீவி கடை. அவர் மாமனார் காலத்திலிருந்து கடலை வறுக்கிற கடை. என்னைப் பார்த்ததும் காதர் பீவி முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்.

“பெரியம்மா படுத்ததுலருந்து வியாழக்கெழம வந்தா எனக்குக் கை ஓட மாட்டேங்குதுத்தா. முப்பது வருசத்துக்கு மேல, வாரா வாரம் வருவாக. மழைன்னாலும் வருவாக.”

“தெரியும்” என்றேன், கொஞ்சம் குத்தலாகவே. “அவுகளுக்குப் பொரிகடலைன்னா அம்புட்டு ஆசை.”

காதர் பீவி கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “என்னத்தா சொல்ற? பெரியம்மா வாயில பல்லு ஏது?”



ஐம்பது வயதிலேயே அத்தைக்குப் பல் எல்லாம் போய்விட்டது. பல்செட் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு மட்டும் மாட்டுவார், பாட்டுப் பாட. மற்ற ஆறு நாளும் அது அலமாரியில் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடக்கும். வெள்ளிக்கிழமைகளிலும் கிடக்கும். அந்த டம்ளருக்குத் தண்ணீர் மாற்றினவள் நான்.

“நானும் கேட்டிருக்கேன், பல்லில்லாம இத என்ன பண்ணுவீகன்னு” என்றார் காதர் பீவி. “‘எம் மருமக பசி தாங்க மாட்டா. நேர்ல குடுத்தா வாங்க மாட்டா, ரோசக்காரி. அவளா எடுத்துத் தின்னாத்தான் உண்டு’ன்னு சொல்லுவாக. வெல்லம் எதுக்குன்னா, ‘வெறுங் கடலை அவளுக்கு எறங்காது’ம்பாக. ஒனக்குத் தெரியாதா?”

கடை வாசலில் நின்று அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். காதர் பீவி ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டு, ஒரு கை பொரிகடலையை என் கையில் வைத்தார். அதைத் தின்றுகொண்டே அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. பெருமாள்சாமிகூட மனைவியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனேன். போதகர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், எபநேசர் தலையைக் குனிந்துகொண்டார். கிணற்றை வாசித்தேன், தக்காளித் தோட்டத்தை வாசித்தேன். இரண்டாம் பக்கம் வந்தது. தொண்டை அடைத்தது.

“எழுபத்து நான்கு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமை உபவாசத்தை ஒரு வாரம்கூட முறிக்காதவர்” என்று வாசித்தேன். காகிதத்தை மடக்கினேன்.

“இது உண்மை. நேத்து வரைக்கும் இது பொய்யின்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். அத்த திருட்டுத்தனமா திங்கிறாகன்னு முப்பத்திரண்டு வருசம் அவுக மேல பழி போட்டு வச்சிருந்தேன். ஆண்டவரோட பானையில அரிசி தின்னது நான். நீங்கெல்லாம் முழங்கால் போட்டு ஜெபிச்ச எலி, நான்தான்.”

சபையை விட்டு விலக்குவார்களோ, எபநேசர் எழுந்து வெளியே போய்விடுவாரோ என்று பயந்தேன்.

முன் வரிசையில் லூர்தம்மாள் இருந்தார். அத்தையோடு அறுபது வருஷம் ஜெபக் கூட்டம் நடத்தியவர், எண்பத்தைந்து வயது. கைத்தடியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார்.

“ஏத்தா, அந்த எலிக்கு சுகப்பிரசவம் ஆகணும்னு ஏழு மாசம் முழங்கால் போட்டோமே, பின்ன நெசமான எலிக்கா போட்டோம்?”

சபை முழுக்கச் சிரிப்பு. எபநேசர் சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ரோஹித் எழுந்து நின்று தன்னையே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. நான் என்னை அறிவதற்கு முன்னே, என் வயிற்றில் பிள்ளை இருக்கிறது என்று அறிந்து, என் ரோசத்துக்கும் இடம் விட்டு, எனக்குச் சோறு போட்டிருக்கிறார் அந்த மனுஷி. ஒரு தடவைகூட ஆண்டவரிடம் என் பெயரைச் சொல்லி அதைச் சொல்லவில்லை. ரசத்தை மட்டும்தான் சொன்னார்.

“சரி சரி, மிச்சத்தப் படி” என்றார் லூர்தம்மாள்.

காகிதத்தை விரித்தேன். மிச்சத்துக்குப் போகவில்லை. முதல் தடவை குரல் அடைத்திருந்தது, பின் வரிசைக்குக் கேட்டிருக்காது. முழங்கை நனையவில்லை என்றால் அத்தை விடமாட்டார்.

அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன், தெருவுக்கே கேட்கிற மாதிரி.