வேறு தொந்தரவு இல்லை

1

இந்தக் கதை திருட்டு. நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். என் தம்பி சூரியபிரகாஷின் மனைவி பாண்டீஸ்வரி, வாடிப்பட்டியிலிருந்து தினமும் பஸ் பிடித்து மதுரைக்குப் போய் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் பாவி, "ம்" கொட்டிக்கொண்டே மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் வரி இப்படி வந்தது:

அமெரிக்காவில் ஒருத்திக்குக் கர்ப்பப்பை வாயில் கிருமி தொற்றினால் வாடிப்பட்டியில் ஒருத்திக்குத் தலை வலிக்

(விட்டுவிட்டேன். புத்திசாலித்தனம் காட்டுகிற வரி. இப்படி ஆரம்பிக்கிற கதையை நானே படிக்கமாட்டேன்.)

2

வேலை இதுதான். அங்கே டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, இங்கே நோய்க்குரிய எண்ணைப் போட வேண்டும். கர்ப்பிணிக்குக் கர்ப்பப்பை வாய்த் தொற்று என்றால் ஓ 23.51. அதன் வாலில் இன்னொரு இலக்கம்: முதல் மூன்று மாதம் என்றால் 1, நடு மூன்றுக்கு 2, கடைசி மூன்றுக்கு 3. மாதமோ வாரமோ எதுவுமே எழுதாமல் டாக்டர் விட்டிருந்தால் அவருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். "கடைசி மாசந்தானே டாக்டர்?" என்று பதிலை ஊட்டிவிடக் கூடாது. அ, ஆ, இ, ஈ என்று போட்டு, கடைசியில் "தீர்மானிக்க இயலாது" என்றும் ஒன்று வைத்து, பவ்யமாகக் கேட்க வேண்டும்.

ஒருமுறை ஒரு டாக்டர் "தீர்மானிக்க இயலாது" என்று டிக் அடித்து அனுப்புவதற்குள் அங்கே பிள்ளையே பிறந்துவிட்டதாம். யாருக்கு என்று கேட்டேன். சொல்லமாட்டாள். நோயாளி பேர் வெளியே போகக் கூடாதென்று ஆபீசுக்குள் பேனாவைக்கூட விடமாட்டார்கள்.*

* இத்தனை பேர் வியாதியை எழுதுகிற இடத்தில் ஒரு பேனா கிடையாது. இதை நான் கற்பனை செய்திருந்தால் ஆசிரியர் வெட்டியிருப்பார்.

3

எனக்குக் கதாநாயகிமேல் சந்தேகம் வந்தது. உட்கார்ந்து எண் தட்டுகிறவளை வைத்துக்கொண்டு என்ன கதை சொல்வது? பாண்டீஸ்வரிக்கு அப்போது முப்பத்திரண்டு வாரம். கூசாமல் ஒரு பொய்யைச் சேர்த்தேன். கதாநாயகிக்கே வெள்ளைபடுகிறது, வாடை அடிக்கிறது, அடிவயிற்றில் வலி. பதினைந்து நாளாக யாரிடமும் சொல்லவில்லை.

எழுதியதைப் பாண்டீஸ்வரியிடம் கொடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புப் பேனாவால் பிழை சுழித்தாள். நாலாம் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

"இத யாரு சொன்னா மதினி?"

"யாரும் சொல்லல. கதைக்காகச் சேத்தேன்."

"பதினஞ்சு நாளுன்னு எழுதிருக்கீக."

"ஏன், மாத்தணுமா?"

"பதினெட்டு."

"அடிப்பாவி, டாக்டர்ட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"நான் எங்க சொல்ல? அத்தைதானே பேசுறாக!"

அத்தை என்பது மலையம்மாள், என்னைப் பெற்ற தாய். ஒவ்வொரு செக்கப்புக்கும் கூடவே போவாள். டாக்டர் எதைக் கேட்டாலும் பதில் அம்மாவிடமிருந்துதான் வரும். "நல்லாத் தூங்குறா டாக்டரம்மா. நல்லாத் திங்கிறா. அவளுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கா." இப்படியே எட்டுத் தடவை. எட்டுத் தடவையும் ஃபைலில் "வேறு தொந்தரவு இல்லை".

 என் பிரசவத்திலும் இதே கூத்துதான். எனக்கு எப்போது வலி எடுத்தது என்பதை அம்மா நர்ஸிடம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

"இத இப்படியே விட்டா பனிக்குடம் முன்னாடியே ஒடையலாம் மதினி. தெனம் இதத்தானே படிக்கிறேன்," என்றாள். "அத்தை முன்னாடி வாயே வர மாட்டேங்குது. பிள்ளைக்கு எதுவும் ஆயிருமோன்னு பயமாருக்கு." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

4

இந்த இடத்தில் கதை என் கையை விட்டுப் போயிற்று. வழி தேடினேன்.

(அ) அம்மாவிடம் சொல்லிவிடுவது. சாயங்காலத்துக்குள் வாடிப்பட்டிக்கே தெரிந்துவிடும்.

(ஆ) செக்கப் அன்று அம்மா வாசலில் வழுக்கி விழுந்து

(பெற்றவள் காலைக் கதையில்கூட உடைக்க மனசு வரவில்லை.)

மூன்றாவது வழி பாண்டீஸ்வரியுடையது. என் கதையின் கடைசித் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள். மறுநாளே மதுரை தல்லாகுளத்தில் டாக்டர் ரோகிணி முன்னால் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். "என்னம்மா, எப்படியிருக்க?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா வாயைத் திறந்தாள். பாண்டீஸ்வரி தாளை நீட்டினாள்:

"என் ஃபைலில் எட்டுத் தடவை 'வேறு தொந்தரவு இல்லை' என்று உள்ளது. இதைச் சொன்னது யார்?
அ) நோயாளி
ஆ) நோயாளியின் மாமியார்
இ) வேறு
ஈ) தீர்மானிக்க இயலாது"

டாக்டர் இரண்டு தடவை படித்தார். ஃபைலைப் புரட்டிப் பார்த்தார். பிறகு "ஆ"வில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டார்.

"தேதி, நேரம் போடலையே டாக்டர்," என்றாள் பாண்டீஸ்வரி. அதையும் போட்டார்.

"நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்கம்மா."

அம்மாவுக்கு வந்ததே கோபம்! "நா வெளிய போயிட்டா நீங்க கேக்குறதுக்கு யாரு பதில் சொல்றது?"

5

[                    ]

உள்ளே பேசியது இது. கதவு சாத்தியிருந்தது. எழுதுகிறவளுக்குச் சாத்திய கதவு உண்டா, நுழைந்திருக்கலாம். எட்டுத் தடவை இன்னொருத்தி பேசியாயிற்று, ஒன்பதாவதாக நானுமா? போகவில்லை.

வெளியே அம்மாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னடி இம்புட்டு நேரம்? அவளுக்குப் பேச வருமா?" பக்கத்தில் யாரோ ஒரு கர்ப்பிணியைப் பார்த்து நர்ஸ் "சாப்ட்டியாம்மா?" என்று கேட்க, "சாப்ட்டா, சாப்ட்டா" என்றாள் அம்மா. அந்தப் பெண் பாவம், விழித்தாள்.

கால் மணி நேரம் கழித்துப் பாண்டீஸ்வரி வந்தாள். கர்ப்பப்பை வாயில் தொற்றுதான். பரிசோதனைக்குச் சாம்பிள் எடுத்திருக்கிறார்கள், ஏழு நாளைக்கு மாத்திரை. ஃபைலை விரித்து என்னிடம் காட்டினாள். "32 வாரம். நோயாளி தானே கூறியது" என்று ஆரம்பித்து ஆறு வரி இருந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி முகம்.

6

பிறகு நான் முடிவு எழுதினேன். பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ, தெருவையே கூட்டுகிற அழுகை. பாண்டீஸ்வரி மொத்தத்தையும் சிவப்பால் அடித்துவிட்டாள்.

"நடந்ததத்தான் மதினி எழுதணும். நடக்கப்போறத எழுதக் கூடாது."

"இது கதைடி."

"பதினஞ்சு நாளையும் கதைன்னுதான் எழுதுனீக."

அழித்துவிட்டேன். இன்றைக்கு முப்பத்து நான்கு வாரம், இரண்டு நாள். மாத்திரை முடிந்தது. சரியாகிவிட்டதா என்று வெள்ளிக்கிழமை பார்க்கப் போகிறோம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதற்குமேல் ஒரு வரி எழுதமாட்டேன்.

ஆனால் நீங்கள் நினைத்துக்கொள்ளலாம், உங்களை யார் தடுப்பது? பையனோ பெண்ணோ, கறுப்போ சிவப்போ, யார் ஜாடையோ, எல்லாம் உங்கள் இஷ்டம். குறைமாதப் பயம் தீர முப்பத்தேழு வாரம் மட்டும் முடியவிடுங்கள்.