செவ்வாய்க்காரனுக்கு என்ன நிறம்

துறைமுகத்தில் இறங்கும் மூட்டைகளை எண்ணுகிற டாலி கிளார்க் ஷாகுல் ஹமீதுக்குச் செவ்வாய்க் கிரகத்து ஆசையை மூட்டிவிட்டவன் ஒரு அமெரிக்க மாலுமி. அவன் படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட பத்திரிகையின் அட்டையில் ஆறு கையும் மூன்று கண்ணுமாக ஒரு ஜந்து நின்றது. உள்ளே இருந்த இங்கிலீஷில் பாதிதான் ஷாகுலுக்குப் புரிந்தது. புரியாத பாதியைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டான். இரண்டே மாதத்தில் ‘காசிமேட்டில் செவ்வாய்க்காரன்’ என்று ஒரு நாடகம் தயார். வானத்துக் கப்பல் ஒன்று மீன்வலையில் சிக்குகிறது. அதிலிருந்து இறங்குகிறவன் ஊரையே ஆட்டிப் படைக்கிறான். கடைசியில் ஒரு மீன்காரி அவனை விரட்டி அடிக்கிறாள். அவ்வளவுதான் கதை. அரசியல் கிரசியல் ஒரு மண்ணும் கிடையாது.

ஆனால் அது நாற்பத்தொன்பதாம் வருஷம். சுதந்திரம் வந்து இரண்டு வருஷம்கூட நிறையவில்லை, அதற்குள் சர்க்காருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். நாடகம் போடுகிறவன் கையெழுத்துப் பிரதியை ஸ்டேஷனில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். யூனியன் கூட்டத்தில் பேசினான் என்று ஷாகுலின் மச்சான் ஜாபரைப் போன மாதம்தான் வேலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தம்பியை நினைத்து அழுதுகொண்டிருந்த அஜீசாவுக்குப் புருஷனையும் அனுப்பிவைக்கத் தெம்பில்லை. ஷாகுலுக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இருந்தாலும், எழுதினதை மேடையில் பார்க்காவிட்டால் எழுதினவனுக்குச் சோறு இறங்காது. அந்த வியாதிக்கு மருந்து கிடையாது.

இன்ஸ்பெக்டர் தணிகாசலம் பிரதியை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு ஆளனுப்பினார். முதல் பக்கத்திலேயே பென்சில் கோடு.

“உடம்பு பூரா சிவப்புச் சாயம்னு எழுதியிருக்கே. யாருய்யா இவன்?”

அந்தக் கிரகமே சிவப்பு என்று ஷாகுல் விளக்கிப் பார்த்தான். உன் மச்சான் எங்கே இருக்கிறான் என்று எனக்குத் தெரியும் என்றார் அவர். ஷாகுல் சட்டென்று சிவப்பைக் கைவிட்டான். பச்சை பூசிவிடலாமா, பத்திரிகை அட்டையிலும் பச்சைதான் என்றான்.

இன்ஸ்பெக்டர் அவனைத் தொப்பியிலிருந்து செருப்புவரை ஒருமுறை பார்த்தார். “பச்சை. அதுவும் நீ சொல்றே.”

தேசத்தைக் கோடு போட்டுப் பிரித்த நாளிலிருந்து ஷாகுல் பச்சைக் கைக்குட்டையைக்கூடப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தான். அந்தப் பார்வை அவனுக்கு வலித்தது. வலியை விழுங்கிக்கொண்டு கறுப்பு என்றான். கருஞ்சட்டைக்காரர்களுக்கு மேடை போட்டுத் தருகிறாயா என்றார். காவி என்றதற்கு, டில்லியில் அப்படி ஒரு சாவு விழுந்தபிறகு அந்தப் பேச்சையே எடுக்காதே என்றார். நீலம் என்றால் வேலைநிறுத்தம் செய்த கப்பற்படைக்காரன் ஞாபகம் வருமாம். மஞ்சள் மாரியம்மனுடையது, குப்பத்து ஜனங்கள் ஸ்டேஷனைக் கொளுத்திவிடுவார்கள். வெள்ளை என்றதும் வாயை மூடு என்று கையைக் காட்டினார்.

அப்படியானால் நாடகமே வேண்டாம் என்று ஷாகுல் கும்பிட்டான். அங்கேதான் சனி பிடித்தது.

“ஏன் வேணாங்கறே? எதை மறைக்கப் பாக்கறே? ஞாயித்துக்கிழமை நானே வரேன். நாடகம் நடக்கணும். அவனுக்கு எந்த நிறமும் இருக்கக் கூடாது. ஒரு சின்ன சந்தேகம் வந்தாலும் மச்சான் பக்கத்துலயே உனக்கும் பாய் விரிச்சுடுவேன்.”

ஒத்திகைக்கு வந்த ஷாகுல் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். மீன்காரி வேஷம் கட்டுகிற பாஸ்கர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். செவ்வாய்க்காரனாக நடிக்க இருந்தவன் பெரம்பூர் ஒர்க்ஷாப் பிட்டர் ரகுபதி. பாஸ்கர் புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டே வழி சொன்னான்.

“நெறமே இல்லாதவன் கண்ணுக்கு எப்டி மாமு தெரிவான்? அவன மேடைக்கே இட்டாராத. நான் வெறுங்காத்தப் பாத்து பயந்துகினு கீறேன்.”

ரகுபதி மட்டும் முறைத்துக்கொண்டான். ஆறு கையை அவன் சொந்தமாகத் தகரத்தில் அடித்து வைத்திருந்தான். கடைசியில் அந்தத் தகரத்தைத் திரைக்குப் பின்னால் தட்டி ஓசை எழுப்பும் வேலை அவன் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உப்பு கோடவுன் முற்றம் நிரம்பி வழிந்தது. மேடை நடுவே ஒரு காலி முக்காலி. பாஸ்கர் கூடையைப் போட்டுவிட்டு அதைப் பார்த்து நடுங்கினான், வணங்கினான், கெஞ்சினான். கூட்டம் கப்சிப். காலி இடத்துக்கு இப்படி ஒரு மவுசு வரும் என்று ஷாகுல் கனவிலும் நினைக்கவில்லை.

மூட்டை தூக்குகிறவர்கள் அது தங்கள் மேஸ்திரி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். அரிசி வியாபாரி பக்ருதீன் பாய், மூட்டையில் ஊசி குத்திப் பார்க்கும் ரேஷன் ஆபீசர் என்று பக்கத்திலிருந்தவரிடம் அடித்துச் சொன்னார். சாராயப் பானையை மணலுக்குள் புதைத்து வைத்திருந்த முத்தம்மா, “இந்த மூஞ்சி எனக்குத் தெரியும்டா நைனா, மதுவெலக்குக்காரன்” என்று எழுந்து நின்று புடவையை வரிந்து கட்டினாள். நாடகம் முடிந்த பிறகும் அவனுக்கு மீசை இருந்ததா இல்லையா என்று சண்டை.

ஷாகுல் திரை இடுக்கு வழியாக முன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான். மப்டியில் வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்து, முடிந்ததும் யாரிடமும் பேசாமல் போய்விட்டார். வேலூர் உறுதி என்று ஷாகுல் நினைத்தான்.

மறுநாள் காலையில் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட வந்தார்கள். அஜீசா இரண்டு லுங்கியை மூட்டை கட்டிக் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நிறம் வேணாம்னு சொன்னேனா இல்லையா?”

“ஐயா, மேடைல ஆளே இல்லீங்களே.”

“எங்கிட்டயே கதை விடறியா? வெள்ளைக் கதரு. இடது புருவத்து மேல தழும்பு.” குரல் இறங்கியது. “நாப்பத்திரெண்டுல நான் லத்தியால அடிச்ச தழும்புய்யா அது. அந்த ஆளு இப்போ கோட்டையில உக்காந்துகிட்டு எங்களுக்கெல்லாம் மாத்தல் போடறான். உனக்கு யார் சொன்னது?”

ஷாகுலுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. யாரும் சொல்லவில்லை என்றால் இவர் நம்பப்போவதில்லை. எதிரே இருந்த முகத்தைப் பார்த்தான். ஒரு வாரமாகத் தன் வீட்டுக் கண்ணாடியில் பார்த்த அதே பயந்த முகம்தான் அது.

“தெரியாம பண்ணிட்டேன் ஐயா. அடுத்த வாரம் எண்ணூருல போடச் சொல்லிக் கேக்கறாங்க. அங்க அந்தத் தழும்பை எடுத்துடறேன்.”

“கதரையும்.”

“கதரையும் ஐயா.”

இன்ஸ்பெக்டர் மூச்சு விட்டார். பிரதியில் முத்திரை குத்தி, அதற்குக் கீழே தம் கைப்பட நிபந்தனையும் எழுதினார்: ‘மேடையில் தோன்றாத நடிகர் கதர் உடுத்தக் கூடாது.’ ஷாகுல் ஹமீது அதை இரண்டு தரம் படித்துவிட்டு, சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.